பால் ஆசிட்டை சிபுவுக்கு அனுப்ப: எந்த வகை, எந்தக் கட்டு, எந்த வழி?

கேள்வி: நானும் கணவரும் பாடாங் செராயில் தோட்டச் சாமான் கடை நடத்துகிறோம். வாடிக்கை பெரும்பாலும் பால்மரச் (ரப்பர்) சிறுதோட்டக்காரர்கள். உறவினர் மூலம் சரவாக்கில் உள்ள சிபுவிலிருந்து ஓர் ஆர்டர் வந்திருக்கிறது: பால் உறைய வைக்கும் ஆசிட் 35 கிலோ தோம்பு ஆறு, 25 விழுக்காட்டு அம்மோனியா கொஞ்சம், 4 லிட்டர் கிளைபோசேட் புல் மருந்து 20, பேட்டரி மருந்து பம்பு பத்து. மாதிரிக்கு இரண்டு லிட்டர் ஆசிட்டை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி, 'சுத்தம் செய்யும் திரவம்' என்று எழுதிக் கூரியரில் போட்டோம். பெட்டி ஈரமாகித் திரும்பி வந்துவிட்டது. இவையெல்லாம் எந்த வகை? எப்படிக் கட்டுவது? எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாமா? பழைய பாராகுவாட் மூன்று போத்தல் கடையில் கிடக்கிறது. அதையும் அவர் கேட்கிறார்.
வாசகி, பாடாங் செராய்

பதில்: சகோதரி, அந்தப் பெட்டி திரும்பி வந்ததே நல்லதாகப் போயிற்று. ஈரப் பெட்டியைக் கையில் எடுப்பவர் மேலே எழுதியிருப்பதை நம்பித்தான் எடுப்பார். சோப்புத் தண்ணீர் என்று நினைத்துச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். உள்ளே இருந்ததோ சில நிமிடங்களில் தோலை அடியோடு கெடுக்கக்கூடிய அமிலம். தபாலிலும் இதற்கு இடமில்லை. சாதாரணக் கூரியர் கணக்கிலும் இடமில்லை. பொய்ப் பெயர் எழுதி அனுப்பி, வழியில் யாருக்காவது காயம் பட்டால் அனுப்பியவர்தான் பொறுப்பு. மினரல் வாட்டர் போத்தலை இனி இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஒழுகுவது ஒரு பக்கம், தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடுகிற ஆபத்து இன்னொரு பக்கம்.

நீங்கள் 'ஆசிட்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை விழுக்காடு என்பது கடிதத்தில் இல்லை. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தைப் பொறுத்தவரை முழு வகைப்பாடும் அந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது யூஎன் 1779 (யூஎன் என்பது ஆபத்தான சரக்குகளுக்கு ஐநா கொடுத்த எண்): வகுப்பு 8, அதாவது அரிப்புப் பொருள். கூடவே துணை ஆபத்தாக வகுப்பு 3, தீப்பற்றும் திரவம். 10 முதல் 85 விழுக்காடு வரை யூஎன் 3412, வகுப்பு 8 மட்டும். இந்த இரண்டும் பொதி வகை இரண்டில் வரும். 5 முதல் 10க்குள் இருந்தால் அதே 3412தான், ஆனால் பொதி வகை மூன்று. 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பட்டியலில் இந்தப் பெயரில் பதிவே இல்லை. தோட்டத்தில் பாலில் ஊற்றும் 2, 3 விழுக்காட்டுக் கரைசல் அந்தக் கடைசிப் படியில் நிற்கிறது. அதற்காக யாரும் தண்ணீருக்குக் கப்பல் கூலி கொடுக்கப் போவதில்லை.

பொதி வகை இரண்டு என்றால் என்ன? மூன்று நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் பட்டுக்கொண்டிருந்தால் தோலை முழு ஆழத்துக்கும் அழிக்கும் பொருள் என்று அர்த்தம். மூன்று நிமிடத்துக்குள்ளேயே அழிப்பது வகை ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம் வரை எடுப்பது வகை மூன்று. எத்தனை வலுவான கட்டு வேண்டும், ஒரு பொதியில் எவ்வளவு போடலாம் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆகவே முதலில் சப்ளையரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு வகைப்படுத்தல், சிட்டையிடல் விதிமுறைகளின்படி அவர் அதைக் கொடுத்தாக வேண்டும். தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 9ஆம் பகுதியில் தீப்பற்றும் வெப்பநிலை இருக்கும், 14ஆம் பகுதியில் போக்குவரத்து எண் இருக்கும். அதில் இருப்பதை அப்படியே நம்பிவிடாமல், தோம்பில் எழுதிய செறிவோடு ஒத்துப் பாருங்கள். 94 விழுக்காட்டுத் தோம்புக்கு 85 விழுக்காட்டுத் தாளைக் கொடுத்துவிடுவது இந்த வியாபாரத்தில் சாதாரணமாக நடக்கிற தவறு. பழைய தாள்களில் எந்தச் செறிவாக இருந்தாலும் 1779 என்றே போட்டிருப்பார்கள்.

தோம்பின் மேல் ஏற்கெனவே சிவப்பு விளிம்பு வைத்த சாய்சதுரச் சின்னம் இருக்குமே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. அது ஆசிட்டைப் பயன்படுத்துபவருக்கான எச்சரிக்கை. லோரியிலும் கப்பலிலும் கையாளுபவர் தேடுவது வேறொரு சிட்டை: மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு, பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர், கீழ் மூலையில் 8. உங்கள் சரக்கு 1779 என்றால் அதன் பக்கத்திலேயே சிவப்பு நிறத் தீச்சுடர்ச் சிட்டையும் ஒட்ட வேண்டும்.

இனி கட்டும் வேலை. சிறு போத்தல்களில் பிரித்து ஊற்றலாமா என்ற யோசனை உங்களுக்கு இருப்பது தெரிகிறது. என் கருத்து: வேண்டாம், மூலத் தோம்பிலேயே அனுப்புங்கள். 35 கிலோ என்றால் ஏறக்குறைய 29 லிட்டர். ஆறு தோம்பை ஒரு லிட்டர் போத்தல்களில் பிரித்தால் ஏறக்குறைய 175 போத்தல், 175 மூடி. ஒவ்வொரு மூடியும் ஒழுகுவதற்கு ஒரு வாய்ப்பு. அதோடு, ஊற்றி நிரப்பிய கணத்திலிருந்து சிட்டையும் தரவுத் தாளும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

தோம்பின் அடியிலோ பக்கத்திலோ அச்சில் பதித்த ஒரு வரி இருக்கும். வட்டத்துக்குள் 'யு', அதன் கீழ் 'என்'. பிறகு 3எச்1/ஒய்1.4/150 என்பது போல ஓடும். 3எச்1 என்றால் தலை கழற்ற முடியாத பிளாஸ்டிக் ஜெரிகேன். ஒய் என்றால் பொதி வகை இரண்டுக்கும் மூன்றுக்கும் தேர்வானது. எக்ஸ் இருந்தால் மூன்று வகைக்கும் சரி. இசட் இருந்தால் உங்கள் ஆசிட்டுக்கு ஆகாது. 1.4 என்பது எத்தனை அடர்த்தி வரை தாங்கும் என்ற கணக்கு. உங்கள் அமிலம் 1.2தான், ஆகவே இடம் இருக்கிறது. 150 என்பது கிலோபாஸ்கலில் சோதித்த அழுத்தம். அதை அடுத்துத் தயாரித்த ஆண்டு, நாட்டுக் குறி, தயாரிப்பாளர் பெயர். பக்கத்திலேயே கடிகாரம் போல ஒரு சிறு வட்டமும் அம்புக்குறியும் இருக்கும், அது மாதத்தைக் காட்டும். பிளாஸ்டிக் ஜெரிகேனுக்கு ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு. பழைய தோம்பை மலிவு விலைக்கு வாங்கி நிரப்பிக் கொடுக்கிற சப்ளையர்கள் இருக்கிறார்கள். அந்த வட்டத்தைப் பார்க்காமல் சரக்கை இறக்காதீர்கள்.

மூடியிலும் ஒரு சங்கதி உண்டு. அடர்த்தியான ஃபார்மிக் அமிலம் சும்மா இருக்கும்போதே மெதுவாகச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். வெயிலில் நிற்கும் கொள்கலனுக்குள் இது வேகமாகும். அதனால் சில தயாரிப்பாளர்கள் வாயு மட்டும் வெளியேறும் மெல்லிய சவ்வு வைத்த மூடி போடுகிறார்கள். அப்படிப்பட்ட தோம்பைச் சாய்த்துப் படுக்க வைத்தால் சவ்வு நனைந்து அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் கசியும். நிமிர்த்தியே வைக்க வேண்டும், லோரியில் ஏற்றும்போதும் அப்படியே. உங்கள் தோம்பில் அந்த மூடி இல்லை என்றால் நீங்களாக ஆணியால் ஓட்டை போட்டுவிடாதீர்கள். எந்த மூடி போடுவது என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். வயிறு உப்பிய தோம்பு எதுவும் கப்பலுக்குப் போகக் கூடாது. அதைத் திறக்க நேர்ந்தால் திறந்தவெளியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் சுற்று தளர்த்திக் காற்று போகவிட்டு, பிறகு திறக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முதல் நாள் மூடி மரையைச் சுற்றி ஈரமான பிஎச் தாளை ஒற்றிப் பாருங்கள். சிவந்தால் கசிவு. மூடியை இன்னும் இறுக்குவதால் பலன் கிடைக்காது. உள்ளே இருக்கும் வளையம் நசுங்கி மேலும் கசியும். வளையத்தை மாற்றுவதே வழி. இதற்கெல்லாம் பியூட்டைல் அல்லது நியோப்ரீன் கையுறை போடுங்கள். மருந்தகத்தில் விற்கும் மெல்லிய நைட்ரைல் உறை இந்த அமிலத்துக்கு நிற்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஆறு தோம்பையும் ஒரே மரப் பலகைத் தட்டில், ஒரே அடுக்காக. தட்டில் துருத்திய ஆணி இருந்தால் அடியில் குத்தும். அதனால் முதலில் பிளைவுட் பரப்புங்கள், மேலேயும் ஒரு பிளைவுட், பிறகு வார் போட்டு இறுக்குங்கள். வாருக்கு பாலிபுரோப்பிலீன் எடுத்துக்கொள்ளுங்கள், நைலான் வேண்டாம். அடர்ந்த ஃபார்மிக் அமிலம் நைலானைக் கரைத்துவிடும். ஒரு சொட்டு கசிந்தாலே கட்டு அறுந்து போகும். சுற்றிய பிளாஸ்டிக் உறைக்கு வெளியே சிட்டைகள் தெரியவில்லை என்றால் 'ஓவர்பேக்' என்று ஆங்கிலத்தில் எழுதி, எல்லாச் சிட்டைகளையும் எண்ணையும் வெளியிலும் ஒட்ட வேண்டும். யூஎன் எண்ணின் எழுத்து 12 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். கணினியில் அச்சடித்த காகிதத்தை டேப் போட்டு ஒட்டுவது இங்கே செல்லாது. கடல் பயணத்துக்கான சிட்டை மூன்று மாதம் கடல் நீரில் கிடந்தாலும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பிஎஸ் 5609 தரத்துச் சிட்டை என்று அச்சகத்தில் கேளுங்கள்.

கடல் என்று சொல்லிவிட்டேன். விமானத்தில் அனுப்பினால் சீக்கிரம் போகுமே என்பீர்கள். இந்த ஆசிட் பயணிகள் விமானத்தில் ஒரு பொதிக்கு ஒரு லிட்டர்தான். சரக்கு விமானத்தில் மட்டும் 30 லிட்டர் வரை. கட்டணத்தைக் கேட்டாலே ஆசை விட்டுப்போகும். பட்டர்வொர்த் வழியாகவோ கிள்ளான் துறைமுகம் வழியாகவோ கப்பலில் அனுப்புங்கள். ஆபத்தான சரக்கை ஏற்கும் ஃபார்வர்டிங் ஏஜண்டைப் பிடியுங்கள். பலரின் சரக்கை ஒன்றாக ஏற்றும் பகிர்வுக் கொள்கலன் நடத்துபவர்கள் எல்லாரும் இதை ஏற்க மாட்டார்கள், அதனால் சரக்கை ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏஜண்ட் கேட்கும் அறிவிப்புப் படிவத்தில் வரி இந்த ஒழுங்கில் வர வேண்டும்: யூஎன் எண், சரக்கின் அதிகாரப்பூர்வப் பெயர், வகுப்பு, அடைப்புக்குள் துணை ஆபத்து, பொதி வகை. உங்களுடையது 85 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 'யூஎன் 1779, ஃபார்மிக் ஆசிட், 8 (3), பொதி வகை இரண்டு', ஆங்கிலத்தில். தீப்பற்றும் வெப்பநிலை 60 பாகைக்குள் இருந்தால் அதையும் எழுத வேண்டும், பொதிகளின் எண்ணிக்கையும் எடையும் சேர்த்து. ஏஜண்ட் தட்டச்சு செய்து கொடுத்தாலும் அனுப்புநர் என்ற இடத்தில் கையெழுத்து உங்களுடையது, அதனால் ஒவ்வோர் எண்ணையும் சரிபாருங்கள். கடல் விதித்தொகுப்பான ஐஎம்டிஜி கோட்டின் 42-24 திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஏஜண்ட் அதைத்தான் பயன்படுத்துகிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

உங்களுடையது 94 விழுக்காடு என்றால், தண்ணீர் விட்டு 85 ஆக்கிவிட்டால் தீச்சுடர்ச் சிட்டை போய்விடுமே என்று தோன்றலாம். கணக்கு சரிதான்: 35 கிலோ தோம்புக்கு ஏறக்குறைய 3.7 கிலோ தண்ணீர். ஆனால் தோம்பில் அவ்வளவு இடம் விட்டுத்தான் நிரப்பியிருப்பார்களா? 55 பாகை வெப்பத்திலும் திரவம் தோம்பை முழுக்க நிறைக்கக் கூடாது என்பது விதி. கலந்தவர் என்ற பொறுப்பும் உங்கள் தலையில் வரும். பொதி வகை இரண்டாகவே இருப்பதால் கட்டில் ஒன்றும் மாறாது. 85 வேண்டும் என்றால் 85 ஆகவே வாங்குங்கள். சிபுவில் பாலுக்கு அதுவே தாராளம்.

மாதிரி மட்டும் அனுப்புவதானால் 'குறைந்த அளவு' சலுகை இருக்கிறது. இந்த ஆசிட்டுக்கு உள் போத்தல் ஒன்று ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது, வெளிப் பெட்டியின் மொத்த எடை 30 கிலோவைத் தாண்டக் கூடாது. கனமான எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) போத்தல், அசையாத தடுப்பு, மேலும் கீழும் கறுத்து நடுவில் வெளுத்த சாய்சதுரச் சின்னம், எதிரெதிர்ப் பக்கங்களில் மேல்நோக்கிய அம்பு. யூஎன் முத்திரை பெற்ற பெட்டி தேவையில்லை. கப்பலுக்கு அறிவிப்பு எழுதுவது மட்டும் தப்பாது. இது கடல் சரக்குக்கான சலுகை, தபாலுக்கும் கூரியருக்கும் கதவு திறந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

அம்மோனியாவுக்கு வருவோம். 25 விழுக்காட்டுக் கரைசல் யூஎன் 2672, வகுப்பு 8, பொதி வகை மூன்று. ஆசிட்டும் 8, இதுவும் 8, ஒரே இனம்தானே, ஒன்றாகக் கட்டலாம் என்று முடிவு கட்டுகிற இடம் இதுதான். வகுப்பு எண் சொல்வது இரண்டுமே தோலையும் உலோகத்தையும் அரிக்கும் என்பதை மட்டும். ஒன்று அமிலம், மற்றது காரம். கலந்தால் சூடேறி வெள்ளைப் புகை கிளம்பும், மூடிய பாத்திரமாக இருந்தால் வெடிக்கவும் செய்யும். ஒரே பெட்டியிலோ ஒரே பலகைத் தட்டிலோ வரவே கூடாது. இதை அனுப்பவே வேண்டாம் என்பேன். 25 விழுக்காட்டு அம்மோனியா 38 பாகையை ஒட்டியே கொதிக்கும். நம் ஊர் வெயிலில் கொள்கலனுக்குள் அந்தச் சூடு தினமும் வரும். சரவாக்கிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிளைபோசேட்டில் கவலை குறைவு. அதன் தாளிலும் 14ஆம் பகுதியைப் பாருங்கள். 'கட்டுப்பாடு இல்லை' என்று இருக்கலாம், அல்லது நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு என்பதால் யூஎன் 3082, வகுப்பு 9 என்று இருக்கலாம். 3082 ஆனாலும் போத்தல் 5 லிட்டருக்குள் இருந்து கட்டு உறுதியாக இருந்தால் மற்ற விதிகளிலிருந்து விலக்கு உண்டு. உங்களுடையது 4 லிட்டர், தப்பித்தீர்கள். இதையே 20 லிட்டர் தோம்பில் அனுப்பியிருந்தால் யூஎன் முத்திரை, 9ஆம் வகுப்புச் சிட்டை, செத்த மீனும் பட்ட மரமும் உள்ள சின்னம் எல்லாம் வேண்டியிருக்கும். முத்திரை உடைக்காத மூலப் போத்தல் மட்டும்தான் அனுப்ப வேண்டும், ஆசிட்டிலிருந்து தனியாக.

மருந்து பம்பில் என்ன பேட்டரி என்று பாருங்கள். பழைய வகையில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி மூடிய ஈய பேட்டரி இருக்கும். அது யூஎன் 2800. சிந்தாத பேட்டரிக்கான சோதனைகளில் தேறியது என்று தயாரிப்பாளரின் சான்று இருந்து, முனைகளை மூடிவிட்டால் பெரும்பாலான விதிகளிலிருந்து விடுதலை. புதியவை லித்தியம். அதற்குப் பெருக்கல் கணக்கு: 12 வோல்ட்டில் 8 ஆம்பியர்-மணி என்றால் 96 வாட்-மணி, 100க்குள், சலுகை உண்டு. 12.8 வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி என்றால் 128, முழு 9ஆம் வகுப்பு. வாட்-மணி பேட்டரியின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். பம்புக்குள்ளேயே பொருத்தியிருந்தால் யூஎன் 3481. சலுகைக்குள் வந்தாலும் பத்துப் பெட்டி என்பதால் ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோட்டு விளிம்பு வைத்த பேட்டரிச் சின்னம் ஒட்ட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கான ஐநாவின் 38.3 பாதுகாப்புச் சோதனைச் சுருக்கத்தைச் சப்ளையரிடம் இப்போதே வாங்கிவிடுங்கள். பொத்தானை அணைத்து, தானாக அழுந்தாதபடி டேப் போடுங்கள். கடையில் காட்டுவதற்கு மருந்து ஊற்றிப் பார்த்த பம்பு இருந்தால் அதைக் கழுவிக் காயவைத்தே கட்டுங்கள்.

துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் லோரியில் ஆசிட் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் வரக் கூடாது, மூடிய வேனும் வேண்டாம். அறிவிப்பின் பிரதியும் தரவுத் தாளும் ஓட்டுநரிடம் இருக்கட்டும். ஒரு வாளி மணல், ஒரு பை சோடா, 20 லிட்டர் நல்ல தண்ணீர். ஒரு லிட்டர் 94 விழுக்காட்டு ஆசிட் சிந்தினால் அதை அடக்க ஏறக்குறைய 2 கிலோ சமையல் சோடா வேண்டும், சோடா ஆஷ் என்றால் 1.3 கிலோ. நுரைத்துப் பொங்கும், ஆகவே ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். குளோரோக்ஸ் (பிளீச்) ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடம் ஓடும் தண்ணீர், 999, அதன் பிறகுதான் மற்றது.

பாராகுவாட்டை எந்த வழியிலும் அனுப்ப வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் அது தடை. தடை இல்லையென்றாலும் ஒரு வாய் உள்ளே போனால் காப்பாற்ற முடியாத நஞ்சு. மூன்று போத்தலையும் நிமிர்த்தி, சிட்டையோடு, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துப் பூட்டுங்கள். வடிகாலில் ஊற்றுவதும் குப்பையில் போடுவதும் குற்றம். அட்டவணைக் கழிவை, அதாவது சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவைக் கையாள உரிமம் பெற்ற நிறுவனம்தான் எடுத்துச் செல்ல வேண்டும். மாவட்ட வேளாண் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினால் ஒப்படைக்கும் வழியைச் சொல்வார்கள். போகும்போது போத்தலின் பதிவு எண்ணையும் மீதமிருக்கும் அளவையும் குறித்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.